திரை உறையாமல் பாயிண்ட் இறக்குவது: தங்கச்சிமடத்தில் ஒரு தடைக்கால வேலை

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். ராமேஸ்வரம் தீவில் அந்த இரண்டு மாதமும் எல்லா வேலையும் கரையில்தான். ஒரு பக்கம் படகைக் கரையேற்றிப் பலகை மாற்றுகிறார்கள், இன்னொரு பக்கம் எஞ்சினைப் பிரித்துப் போட்டிருக்கிறார்கள், நிழல் கண்ட இடமெல்லாம் வலை பொத்துகிறார்கள். தங்கச்சிமடத்தில் இருக்கும் என் சிறிய கடைக்கு வந்து சேர்பவை வயர்லெஸ், கடலின் ஆழம் காட்டும் எக்கோ சவுண்டர், ஜிபிஎஸ். உப்புக்காற்று தின்ற முனைகளைச் சுரண்டிப் பற்றவைப்பதிலேயே பாதி நாள் போய்விடும். ஜிபிஎஸ் கொண்டுவருகிறவர்களுக்கு மட்டும் கருவியைப் பற்றிய கவலை குறைவு. அதற்குள் இருக்கும் பாயிண்டுகளைப் பற்றித்தான் கேட்பார்கள்.

பார் (கடலடிப் பாறைத் திட்டு) எங்கே இருக்கிறது, எந்த இடத்தில் வலை சிக்கிக் கிழியும், எந்த மாதம் எங்கே இறால் கிடைத்தது என்பதையெல்லாம் படகு ஓட்டுகிறவர் கடலில் இருக்கும்போதே கருவியில் குறித்துவைப்பார். அந்தக் குறிப்புக்குத்தான் இங்கே பாயிண்ட் என்று பெயர். முந்தைய தலைமுறை ராமேஸ்வரம் கோபுரத்தையும் பாம்பன் கலங்கரை விளக்கத்தையும் கண்ணால் நேர்பிடித்து இடம் கண்டது. அந்த அறிவு இப்போது இந்தக் கைக்கருவிக்குள் எண்களாக இருக்கிறது. முந்நூறு, நானூறு பாயிண்ட் சேர்ப்பதற்குப் பத்து இருபது வருடம் ஆகும். கருவியில் தண்ணீர் இறங்கினால் ஒரே நாளில் போய்விடும். அதனால் தடைக்காலத்தில் அவற்றைக் கணினியில் இறக்கி, பென் டிரைவில் ஒரு பிரதியும் தாளில் ஒரு பிரதியும் கொடுப்பதை நான்கு வருடமாகச் செய்துவருகிறேன்.

இதற்கு நான் பயன்படுத்துவது ஜிபிஎஸ்பேபல். ஒரு வகைக் கருவியின் தரவை வாங்கி இன்னொரு வகைக் கோப்பாக மாற்றித் தரும் கட்டளைவரி நிரல் (பொத்தான் இல்லாமல் தட்டச்சு செய்த கட்டளையால் ஓடுவது), கட்டற்ற மென்பொருள். அதற்கென்றே ஒரு திரை முகப்பும் சேர்ந்து வருகிறது. அந்த முகப்பு தானாக எந்த மாற்றமும் செய்வதில்லை, பின்னணியில் கட்டளைவரி நிரலை ஓட்டிவிட்டு விடையைக் காட்டுகிறது. எனக்கு வேண்டியது வேறு மாதிரி: படகின் பெயரைத் தமிழில் தட்டச்சு செய்ய வேண்டும், தேதி தானாக விழ வேண்டும், டிகிரி-நிமிடக் கணக்கில் பட்டியல் அச்சாக வேண்டும். நான் கடையில் இல்லாத நேரத்தில் என் அக்கா மகனும் இந்த வேலையைச் செய்ய முடிய வேண்டும். ஆகவே பைத்தான் மொழியில், சாளரமும் பொத்தானும் வரையும் டிகே-இண்டர் தொகுப்பைக் கொண்டு மூன்று பொத்தான்கள் மட்டும் உள்ள ஒரு நிரல் எழுதினேன்: இறக்கு, ஏற்று, அச்சிடு. லினக்ஸ் போட்ட பழைய மடிக்கணினி, இரண்டு ஜிபி நினைவகம். நிரல் எழுத ஒரு இரவு போதுமானதாக இருந்தது. அதைக் கடையில் வைத்து நம்பும்படி ஆக்க ஐந்து வாரம் பிடித்தது. அந்த ஐந்து வாரத்தின் பதிவு இது.

முதல் நாள் வந்தவர் ஐம்பது வயதைத் தாண்டிய ஓர் ஓட்டி. பழைய கருவி, சீரியல் கேபிள் வகை. உள்ளே 412 பாயிண்ட். கேபிளை மாட்டி ‘இறக்கு’ பொத்தானை அழுத்தினேன். பொத்தான் அழுந்திய நிலையிலேயே நின்றது. ஐந்தாறு விநாடியில் திரை முழுவதும் மங்கிச் சாம்பல் நிறமானது. ‘இந்த நிரல் பதிலளிக்கவில்லை, கட்டாயமாக மூடவா?’ என்று கணினி கேட்டது. அவர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

“தம்பி, பாயிண்டெல்லாம் போய்விட்டதா?”

“ஒன்றும் போகவில்லை அண்ணே, உள்ளே ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. கொஞ்சம் பொறுங்கள்.”

பொறுக்க அவரால் முடியவில்லை. கையைக் கேபிளில் வைத்து இழுத்துவிட்டார். அவர் மேல் எனக்கு இம்மியும் கோபம் இல்லை. இருபது வருட உழைப்பு ஒரு பெட்டிக்குள் இருக்கும்போது, அதைப் பிடித்திருக்கும் திரை செத்ததுபோல் நின்றால் யாராக இருந்தாலும் பிடுங்கத்தான் செய்வார்கள். திரையைச் சாகவிட்டது என் நிரல்.

கணக்கு எளியது. அந்தக் கேபிள் விநாடிக்கு 9600 பிட் வேகத்தில் பேசுகிறது. ஒவ்வொரு பைட்டுக்கும் முன்னும் பின்னும் ஒரு பிட் சேர்வதால், விநாடிக்கு 960 பைட். ஒரு பாயிண்டுக்குப் பெயர், அட்சரேகை, தீர்க்கரேகை, குறி எல்லாம் சேர்த்து நூறு பைட் என்று வைத்தால் 412 பாயிண்டுக்கு 41,200 பைட், 43 விநாடி. ஒவ்வொரு பொட்டலத்துக்கும் ‘வந்து சேர்ந்தது’ என்று பதில் போக வேண்டும். ஆக ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. இந்த நேரம் முழுவதும் என் நிரல் ஜிபிஎஸ்பேபலை ஓடவிட்டு, அது முடியும்வரை அதே வரியில் காத்து நின்றது.

திரை உள்ள எந்த நிரலுக்கும் நடுவில் ஒரு சுழல் ஓடிக்கொண்டே இருக்கும். சுட்டி அசைந்ததா, பொத்தான் அழுந்தியதா, மேலே இருந்த சாளரம் நகர்ந்ததா, திரையை மறுபடி வரைய வேண்டுமா என்று அது ஒவ்வொன்றாக எடுத்துக் கவனிக்கும். பொத்தானுக்கு நாம் எழுதிய வேலையும் இந்தச் சுழலுக்குள்தான் நடக்கிறது. அந்த வேலை ஒரு நிமிடம் திரும்பி வராவிட்டால் சுழலும் ஒரு நிமிடம் நின்றுவிடும். வரையும் ஆள் இல்லாத திரை மங்கிப்போகிறது.

பைத்தானின் சப்பிராசஸ் தொகுப்பில் இதற்கு இரண்டு வழி உண்டு. ‘ரன்’ என்பது வேறொரு நிரலைத் தொடங்கி அது முடியும்வரை காத்திருக்கும். ‘பொப்பன்’ என்பது தொடங்கிவைத்துவிட்டு உடனே திரும்பிவிடும். நான் முதலாவதை எழுதியிருந்தேன். இரண்டாவதற்கு மாற்றினேன். தொடங்கிவைக்கப்பட்ட ஜிபிஎஸ்பேபல், அதாவது சேய் நிரல், தன் போக்கில் ஓடும். அதைத் தொடங்கிய என் நிரல், அதாவது தாய் நிரல், 100 மில்லி விநாடிக்கு ஒருமுறை ‘முடிந்ததா?’ என்று கேட்டுவிட்டுத் தன் சுழலுக்குத் திரும்பும். இந்தக் கேள்விக்கு டிகே-இண்டரில் ‘ஆஃப்டர்’ என்ற வசதி இருக்கிறது: இத்தனை மில்லி விநாடி கழித்து இந்த வேலையைச் செய் என்று சுழலிடம் சொல்லிவைக்கலாம். கூடவே ஓடும் விநாடிகளைப் பெரிய எழுத்தில் காட்டினேன். 1, 2, 3 என்று எண் நகர்வதைப் பார்த்ததும் எதிரில் உட்கார்ந்திருப்பவரின் தோள் தளர்வதைக் கண்ணால் காண முடிந்தது.

இத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

ஏப்ரல் கடைசி வாரத்தில் ஒரு கேபிள் விட்டுவிட்டு வேலை செய்தது. காரணம் தெரிய, ஜிபிஎஸ்பேபல் தான் செய்வதையெல்லாம் விரிவாகச் சொல்லும்படி விவரப்பதிவு நிலையை உயர்த்தினேன். அந்த வரிகளை வாங்க, நிரலின் வழக்கமான வெளியீட்டுக்கு ஒன்றும், பிழைச் செய்திகள் தனியாக வரும் பிழை வெளியீட்டுக்கு ஒன்றுமாக இரண்டு பைப் போட்டேன். அறுபது பாயிண்ட் உள்ள கருவி ஒழுங்காக இறங்கியது. 412 பாயிண்ட் உள்ள கருவி பாதியில் நின்றது. திரை உறையவில்லை, விநாடி மட்டும் ஏறிக்கொண்டே போனது: 90, 120, 200. கேபிளை மாற்றினேன், கருவியை அணைத்துப் போட்டேன், வேறு யூஎஸ்பி துளையில் செருகினேன். ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய அதே இடத்தில் நின்றது. பழுதான கேபிள் இப்படி ஒரே இடத்தில் நிற்காது. அதன் கோளாறுக்கு ஒழுங்கு கிடையாது. இது வேறு ஏதோ என்று அப்போதுதான் உறைத்தது.

பைப் என்பது இயங்குதளத்தின் மையமான கர்னலுக்குள் இருக்கும் ஒரு தொட்டி. ஒரு பக்கம் சேய் எழுதும், மறுபக்கம் தாய் எடுக்கும். லினக்ஸில் அந்தத் தொட்டியின் வழக்கமான கொள்ளளவு 65,536 பைட். நிறைந்துவிட்டால் எழுதுகிறவரைக் கர்னல் நிறுத்திவைக்கும், யாராவது எடுத்து இடம் உண்டாக்கும்வரை விடாது. நான் வெளியீட்டுப் பைப்பை மட்டும் படித்துக்கொண்டிருந்தேன். விவரப்பதிவு வரிகள் எல்லாம் பிழை வெளியீட்டில் கொட்டிக்கொண்டிருந்தன, அந்தத் தொட்டியை யாரும் தொடவே இல்லை. அறுபது பாயிண்டின் வரிகள் தொட்டிக்குள் அடங்கின. நானூற்றுக்கு மேல் போனபோது தொட்டி நிரம்பியது, ஜிபிஎஸ்பேபல் எழுத முடியாமல் நின்றது, நான் அது முடியவில்லையே என்று காத்து நின்றேன். ஒருவர் எடுப்பார் என்று மற்றவரும், மற்றவர் முடிப்பார் என்று இவரும் பார்த்துக்கொண்டே நிற்கும் நிலை. சேய் நிரல் எதற்காகக் காத்திருக்கிறது என்று, ஓடும் நிரல்களைக் காட்டும் பிராசஸ் பட்டியலில் பார்த்தபோது, பைப்பில் எழுதக் காத்திருக்கிறது என்று அங்கேயே இருந்தது. இரண்டு நாளுக்கு முன்பே அதைப் பார்த்திருக்க வேண்டும்.

பிழை வெளியீட்டையும் வெளியீட்டோடு ஒரே பைப்பில் சேர்த்துவிட்டேன். அதைப் படிக்கத் தனியாக ஓர் இழை (ஒரே நிரலுக்குள் பக்கத்தில் ஓடும் இன்னொரு வேலை) வைத்தேன், ஏனென்றால் பைப்பில் வரி இல்லாதபோது படிக்கப் போனால் அந்த இடத்திலேயே நின்றுவிடும், முக்கியச் சுழல் அங்கே நிற்கக் கூடாது. இழை ஒவ்வொரு வரியையும் எடுத்து ஒரு வரிசையில் போடும். முக்கியச் சுழல் 100 மில்லி விநாடிக்கு ஒருமுறை வந்து வரிசையில் இருப்பதை எடுத்துத் திரையில் எழுதும். இழை நேரடியாகத் திரையில் எழுதக் கூடாது என்பதை வீட்டுக் கட்டுப்பாடு மாதிரி வைத்துக்கொண்டேன். திரையைத் தொடும் உரிமை முக்கியச் சுழலுக்கு மட்டும். இழை தொட்டால் பத்து முறை சரியாக நடந்து பதினோராவது முறை காரணம் தெரியாமல் விழும்.

இந்த இழையே மே மாதம் என்னை ஒரு நாள் முழுக்கத் தேடவைத்தது. ஒரு கருவியில் மட்டும் மறுபடியும் பாதியில் நின்றது. இப்போதுதான் எல்லாவற்றையும் படிக்கிறோமே, தொட்டி எப்படி நிறையும்? அந்தக் கருவியில் ஒரு பாயிண்டின் குறிப்பில் யாரோ கணினி வழியாக டிகிரிக் குறி போட்டிருந்தார்கள். பழைய குறியேற்றத்தில் டிகிரிக் குறி ஒரே பைட், அதன் மதிப்பு 176. இப்போது வழக்கத்தில் இருக்கும் யூடிஎஃப்-8 குறியேற்ற முறையில் அந்தப் பைட் தனியாக வருவது தவறு. படிக்கும் இழை அந்த இடத்தில் பிழை என்று சொல்லி நின்றுவிட்டது. பிழைச் செய்தி, கட்டளை தட்டும் டெர்மினல் சாளரத்தில் இருந்து ஓட்டினால் கண்ணில் பட்டிருக்கும். நான் முகப்புச் சின்னத்தை அழுத்தி ஓட்டியதால் யார் கண்ணிலும் படவில்லை. இழை நின்றதும் பைப்பைப் படிக்க ஆள் இல்லை, 65,536 பைட் நிறைந்தது, பழைய கதை திரும்பியது. படிக்க முடியாத பைட்டுக்குப் பதில் ஒரு மாற்றுக் குறியைப் போட்டுக்கொண்டு மேலே போ என்று பொப்பனிடமே சொல்லலாம். அந்த ஒரு அமைப்பு தீர்த்துவைத்தது. கூடவே, இழை எந்தக் காரணத்தால் நின்றாலும் அந்தக் காரணத்தை வரிசையில் போட்டுவிட்டு நிற்கும்படி எழுதினேன்.

பைப் விஷயத்தில் இன்னொன்றும் உண்டு, அதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கருவி வானத்தைப் பிடிக்கிறதா என்று பார்க்க, அது விநாடிக்கு ஒருமுறை அனுப்பும் இருப்பிட வரியைப் படிக்கும் ஒரு குட்டி நிரல் வைத்திருக்கிறேன். இது என்எம்இஏ 0183 முறை, வேகம் 4800 பிட். டெர்மினலில் ஓட்டினால் விநாடிக்கு ஒரு வரி வருகிறது. அதையே சேயாக ஓட்டினால் நான்கு நிமிடம் ஒன்றும் வராமல், பிறகு இருநூற்றுச் சொச்சம் வரி மொத்தமாக வந்து விழுந்தது. டெர்மினலுக்கு எழுதும்போது நிரல்கள் வரிக்கு வரி அனுப்பும், பைப்புக்கு எழுதும்போது சேர்த்துவைத்து அனுப்பும். என்னிடம் இருந்த பைத்தான் பதிப்பில் சேர்த்துவைக்கும் அளவு சுமார் 8 கிலோபைட், என் வரி ஒவ்வொன்றும் 30 பைட். பைத்தானைச் சேர்த்துவைக்காமல் ஓட்டும் விருப்பத்தைப் போட்டதும் சரியானது. சி மொழியில் எழுதிய பிறர் நிரலாக இருந்தால் ‘எஸ்டிடிபஃப்’ என்ற கருவியை முன்னால் வைத்து ஓட்டிப் பார்க்கலாம்.

இனி, மூன்று பொத்தான்களோடு பிறகு சேர்த்த ரத்து பொத்தான். எனக்கு இந்த வேலையில் மிகவும் பாடம் சொன்னது இதுதான்.

மே நடுவில் ஒருவர் கருவியைக் கொடுத்துவிட்டு, இறக்கத் தொடங்கிய பிறகு, அவசரமாக மண்டபம் போக வேண்டும், நாளை வருகிறேன் என்று எழுந்தார். ரத்து பொத்தானை அழுத்தினேன். ‘நிறுத்தப்பட்டது’ என்று திரை சொன்னது. கேபிளைக் கழற்றிக் கொடுத்தேன். அடுத்தவர் கருவியை மாட்டி இறக்கப் போனால், சீரியல் துறை (கேபிள் செருகும் வாய்) வேறொரு நிரலின் கையில் இருக்கிறது என்று பிழை. நிறுத்திய ஜிபிஎஸ்பேபல் நிற்காமல், சீரியல் துறையைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடிக்கொண்டிருந்தது.

தவறு, நான் கட்டளையைக் கொடுத்த விதத்தில் இருந்தது. பழைய கோப்பைப் பிரதி எடு, பிறகு கருவியிலிருந்து இறக்கு என்ற இரண்டு கட்டளைகளையும் ஒரே வரியாக இணைத்து, கட்டளை வரியைப் படித்து ஓட்டும் ஷெல் என்ற நிரலிடம் கொடுத்திருந்தேன். ஆகவே என் நிரலின் சேய், ஷெல். ஷெல்லின் சேய், ஜிபிஎஸ்பேபல். நான் நிறுத்து என்று அனுப்பிய சிக்னல் ஷெல்லுக்குப் போனது. ஷெல் செத்தது. பேரனுக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பெற்றவர் போனதும் அந்தப் பேரனை, கணினியின் முதல் பிராசஸ் தத்தெடுத்துக்கொண்டது. எண்ணைத் தேடிப் பார்த்தபோது அதன் பெற்றோர் எண் 1 என்று இருந்தது.

ஷெல்லை எடுத்தே விட்டேன். பிரதி எடுக்கும் வேலையைப் பைத்தானே செய்யும். ஜிபிஎஸ்பேபலுக்கான சொற்களை ஒரே வரியாக ஒட்டாமல் பட்டியலாகக் கொடுத்தேன். இதனால் இன்னொரு நன்மையும் கிடைத்தது. இங்கே படகுகளின் பெயர் ‘அந்தோணியார் துணை’, ‘சந்தனமாதா 2’ என்று இடைவெளியோடுதான் இருக்கும். அந்தப் பெயரில் கோப்பு வைத்தால் ஷெல் அதை இரண்டு சொல்லாக உடைத்துவிடும். பட்டியலாகக் கொடுத்தால் ஒவ்வொரு சொல்லும் உடையாமல் அப்படியே போய்ச் சேரும். வாடிக்கையாளர் சொல்லும் பெயரைத் தட்டச்சு செய்து அப்படியே ஷெல்லுக்குள் தள்ளும் பழக்கம் பாதுகாப்புக்கும் கேடு. பெயரில் ஒரு அரைப்புள்ளி இருந்தால் அதற்குப் பின்னால் இருப்பதை ஷெல் புதிய கட்டளை என்று எடுத்துக்கொள்ளும்.

அதோடு சேயைத் தனி அமர்வில் தொடங்கும்படி செய்தேன். அப்போது அதுவும் அது பெற்றவையும் ஒரே குழு. ரத்து அழுத்தினால் குழு முழுமைக்கும் 15-ஆம் எண் சிக்னல் போகும். அது ‘முடித்துக்கொள்’ என்று கேட்டுக்கொள்வது. மூன்று விநாடி பொறுத்து, இன்னும் இருந்தால் 9-ஆம் எண். அதை எந்த நிரலும் மறுக்க முடியாது. அந்த மூன்று விநாடியும் தூங்கிக் காத்திருக்கக் கூடாது, அதையும் ‘ஆஃப்டர்’ வழியாகவே கேட்க வேண்டும், இல்லாவிட்டால் ரத்து செய்யும்போது திரை உறையும்.

நிறுத்திய பிறகு சேயின் முடிவுக் குறியீட்டை (எப்படி முடிந்தது என்று சொல்லும் எண், 0 என்றால் வெற்றி) வாங்கிக்கொள்ள மறக்கக் கூடாது. நான் மறந்திருந்தேன். ரத்து செய்தவற்றை ஒரு பட்டியலில் போட்டு அப்படியே விட்டதால், மாலைக்குள் பிராசஸ் பட்டியலில் ஆறு ஜாம்பி. செத்தவை, நினைவகம் தின்னாதவை, ஆனாலும் தாய் வந்து குறியீட்டை வாங்கும்வரை பெயர் நீங்காதவை. ஒரு வரியில் சரியானது.

அந்தக் குறியீட்டுக்கு நான் கொடுக்கும் மதிப்பு பெரிது. கோப்பு உண்டாகிவிட்டதா என்று பார்த்து ‘வெற்றி’ என்று சொல்வது ஆபத்து. கேபிள் பிடுங்கப்பட்ட முதல் நாள்கூட ஒரு கோப்பு அங்கே இருந்தது. திறந்தால் உள்ளே பாயிண்ட் ஒன்றுகூட இல்லை. இப்போது இறக்குவதெல்லாம் ஒரு தற்காலிகப் பெயரில் இறங்கும். குறியீடு 0 வந்து, கோப்பு முழுமையாகப் படிக்கப்பட்டு, பாயிண்டுகளை எண்ணிய பிறகுதான் படகின் பெயருக்கு மாறும். பழைய பிரதியின் மேல் பாதிக் கோப்பு ஏறுவதற்கு வழியே இல்லை. குறியீடு -15 என்று வந்தால் நாமே நிறுத்தியது, அதைப் பிழை என்று காட்டி வந்தவரைப் பயமுறுத்த வேண்டியதில்லை.

ஏற்றும்போது கதை வேறு. இறக்குவதை எந்த நொடியில் வெட்டினாலும் கருவிக்குள் இருப்பது அப்படியே இருக்கும். புதிய கருவிக்குள் ஏற்றிக்கொண்டிருக்கும்போது வெட்டினால் 412-இல் 200 மட்டும் ஏறி நிற்கும், கடலுக்குப் போன பிறகுதான் தெரியும். அதனால் ஏற்றும் நேரத்தில் ரத்து பொத்தானை எடுத்துவிட்டேன். சாளரத்தை மூடும் குறியை அழுத்தினாலும், ‘ஏற்றம் நடக்கிறது, முடிந்ததும் மூடப்படும்’ என்று சொல்லிவிட்டுக் காத்திருக்கும். எப்போதும் பயனருக்கே முழு அதிகாரம் வேண்டும் என்று சொல்வார்கள். இந்த ஒரு இடத்தில் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கேபிளே கழன்றுபோனால் சேய் முடிவில்லாமல் காத்திருக்குமே என்பதற்காக, 20 விநாடி ஒரு வரியும் வராவிட்டால் சிவப்பில் எச்சரிக்கை வரும், அப்போது மட்டும் ‘நிறுத்து, மறுபடி முதலிலிருந்து ஏற்று’ என்ற பொத்தான் தெரியும்.

ஏற்றி முடித்ததும் உடனே இன்னொரு சேயைத் தொடங்கி, ஏற்றியதைத் திரும்ப இறக்கி ஒப்பிடுகிறேன். இங்கும் ஒரு சிறிய சிக்கல். இந்த வகைக் கருவி 180 டிகிரியை 2-இன் 31-ஆம் அடுக்காகப் பிரித்து முழு எண்ணாக வைத்துக்கொள்கிறது. நாம் கொடுத்த தசம எண் திரும்பி வரும்போது கடைசி இலக்கங்களில் இம்மி மாறும். அப்படியே ஒப்பிட்டால் 412-உம் தவறு என்று காட்டும். கடலில் பேசும் அளவு நிமிடத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு. அட்சரேகையில் ஒரு நிமிடம் ஒரு கடல் மைல், 1852 மீட்டர். ஆயிரத்தில் ஒன்று என்றால் இரண்டு மீட்டருக்கும் குறைவு. அந்த அளவுக்குள் பொருந்தினால் சரி என்று வைத்தேன்.

அச்சு வேலையைப் பற்றி ஒரு வார்த்தை. முதலில் தாய் நிரலையே ஃபோர்க் செய்து, அதாவது ஓடும் நிலையிலேயே நகலெடுத்து, அந்தப் பிரதியில் அச்சிடப் பார்த்தேன். ஃபோர்க் செய்யும்போது தாய் திறந்து வைத்திருக்கும் திரை இணைப்பும் பிரதிக்குப் போய்விடுகிறது. இரண்டு பேரும் ஒரே இணைப்பில் பேசத் தொடங்கினால் திரை சர்வருக்கு ஒன்றும் புரியாது. என் நிரல் அந்த இடத்திலேயே விழுந்தது. திரை உள்ள நிரலை ஃபோர்க் செய்தால் உடனே எக்செக் செய்து வேறு நிரலாக மாறிவிட வேண்டும், நடுவில் எதையும் தொடக் கூடாது. பொப்பன் இதையெல்லாம் ஒழுங்காகச் செய்கிறது. அச்சையும் அதற்கே கொடுத்துவிட்டேன்.

புதிதாகத் தொடங்குகிறவர் என்னிடம் கேட்டால், டிகே-இண்டருக்குப் பதில் க்யூட்டி என்ற திரைத் தொகுப்பை எடுக்கச் சொல்வேன். அதில் க்யூபிராசஸ் என்றே ஒரு வகுப்பு இருக்கிறது. வரி வந்தால் தகவல், முடிந்தால் தகவல் என்று அதுவே சுழலோடு பேசிக்கொள்கிறது. இழையும் வரிசையும் நாம் கட்ட வேண்டியதில்லை. வெளியீட்டை நாம் உடனே எடுக்காவிட்டாலும் அது தன் நினைவகத்தில் வாங்கி வைத்துக்கொள்ளும். ஷெல், பேரன், முடிவுக் குறியீடு ஆகிய மூன்றையும் அங்கேயும் நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஜூன் 12 அன்று முதல் நாள் கேபிளைப் பிடுங்கிய அதே ஓட்டி வந்தார். பழைய கருவியின் திரை போய்விட்டது, கையில் புதுக் கருவி. ஏப்ரலில் மறுபடி இறக்கி வைத்திருந்த 412 பாயிண்ட் என்னிடம் பத்திரமாக இருந்தது. ‘ஏற்று’ அழுத்தினேன். இந்தக் கருவி யூஎஸ்பி வகை, சில விநாடிகளில் முடிந்துவிட்டது. திரும்ப இறக்கி ஒப்பிடும் சேய் ஓடி, 412-க்கு 412 என்று பச்சையில் காட்டியது. அவருக்கு அது போதவில்லை. மடியிலிருந்து பிளாஸ்டிக் உறையில் சுற்றிய ஒரு நோட்டை எடுத்தார்.

“முதலில் எல்லைப் பாயிண்டை வாசி தம்பி. மீனை அப்புறம் பார்ப்போம்.”

பாக் நீரிணையில் 1974-லும் மன்னார் வளைகுடாவில் 1976-லும் ஒப்பந்தத்தில் வகுத்த இந்திய-இலங்கைக் கடல் எல்லையை அவர் தன் கருவியில் பாயிண்டுகளாக வைத்திருந்தார். நான் திரையைப் பார்த்து டிகிரி, நிமிடம், மூன்று இலக்கம் என்று வாசித்தேன். அவர் நோட்டில் விரலை வைத்து ஒவ்வொன்றுக்கும் தலையசைத்தார். அது முடிந்ததும் பார்களின் பட்டியல். நடுவில் ஓரிடத்தில் விரல் நின்றது.

“இது நாற்பத்தொன்று இல்லை, பதினான்கு.”

பழைய கருவியிலிருந்து இறக்கிய கோப்பையும் திறந்து பார்த்தேன். அதிலும் நாற்பத்தொன்றுதான். பல வருடத்துக்கு முன் கையால் பதியும்போது இலக்கம் இடம் மாறியிருக்கிறது. அந்தப் பாரை அவர் கருவி பார்க்காமலே கண்டுபிடிப்பவர் என்பதால் அதுவரை தெரியவில்லை. திருத்தி, அந்த ஒன்றை மட்டும் மறுபடி ஏற்றி, மறுபடி இறக்கிப் பார்த்தோம். அச்சிட்ட தாளை நோட்டுக்குள் மடித்து வைத்தார். கருவியைத் துண்டில் சுற்றிக்கொண்டு, ஐஸ் ஏற்ற ஆள் சொல்ல வேண்டும் என்று கிளம்பிவிட்டார்.